கொலுப்படியும் கண்ணாடிப் பேழையும்

பொம்மை சிறுவர்க்கே உரியது என்னும் எண்ணம் நம் நாட்டில் ஒருபோதும் முழு உண்மையாக இருந்ததில்லை. நவராத்திரி நாட்களில் ஸ்ரீரங்கத்து உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ மாலை வேளையில் நடந்து செல்வோர், திறந்திருக்கும் வாயில்களின் வழியே படிப்படியாக அடுக்கி வைத்த பொம்மைகளைக் காணலாம். அவற்றை வாங்கியவரும் பெரியவர். துடைத்து அடுக்கியவரும் பெரியவர். பிறர் கைபடாமல் காப்பவரும் பெரியவரே. குழந்தைகளுக்குக் கிடைப்பதெல்லாம் சுண்டலும், 'தொடாதே' என்னும் சொல்லுந்தான்.

திருவானைக்காவை அடுத்த கொண்டையம்பேட்டையில் இப்பொம்மைகளைத் தலைமுறையாகச் செய்து வரும் குடும்பங்கள் உள்ளன. களிமண்ணையோ காகிதக் கூழையோ அச்சில் பதித்து, வெயிலில் உலர்த்தி, வெள்ளை பூசி, வண்ணம் தீட்டி, கண் எழுதி முடிப்பர். திருச்சி சிங்காரத்தோப்பிலுள்ள பூம்புகார் விற்பனை நிலையத்தில் கொலுக் காலத்தில் நடைபெறும் கண்காட்சியைச் சுற்றி வந்தால், தெய்வ உருவங்களுக்கு இடையே கடை விரித்து அமர்ந்த செட்டியாரும் மனைவியும், கல்யாண ஊர்வலம், கிரிக்கெட் ஆட்டக்காரர் என உலக வாழ்வு முழுவதும் அங்கே நிற்பதைக் காணலாம். தெய்வத்துக்கு அடுத்த படியில் மளிகைக் கடை! இதனை யாரும் குறையாகக் கருதியதில்லை.

இப்போது வேறொரு வகைப் பொம்மை நம் வீட்டுக் கூடங்களில் இடம் பிடித்து வருகிறது. அது டென்மார்க் நாட்டு லெகோ நிறுவனத்தார், வளர்ந்தவர்களுக்கென்றே வெளியிடும் பெரிய காட்சி உருவம். கறுப்பு நிறப் பெட்டி. அதன்மேல் 18 என்னும் எண்ணும் ஒரு கூட்டல் குறியும். பதினெட்டு வயது நிரம்பியவர்க்கு என்பது பொருள். உள்ளே இருப்பவை ஆயிரக்கணக்கான சிறு பிளாஸ்டிக் கட்டைகளும் ஒரு தடித்த வழிகாட்டிப் புத்தகமுமே. 2022ஆம் ஆண்டு வெளிவந்த 'ஹல்க்பஸ்டர்' என்னும் கவச உருவம் 4,049 துண்டுகள் கொண்டது. அரை மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரம். அடுத்த ஆண்டு வந்த 'அவெஞ்சர்ஸ் டவர்' என்னும் மாளிகைக்கு 5,201 துண்டுகள். சூப்பர் ஹீரோக்களும் பிறருமாக 31 சிறு உருவங்கள். உயரம் 90 சென்டிமீட்டர். வெளியான போது அமெரிக்காவில் இதன் விலை 500 டாலர். நம் ஊருக்கு வந்து சேரும்போது ஒரு நடுத்தரக் குடும்பத்தின் மாத வருவாயை விழுங்கத்தக்க தொகை.

இந்நிறுவனத்தின் தோற்றம் எளியது. பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்னும் தச்சர் 1932இல் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். இன்றைய கட்டைக்கு அவர் மகன் காலத்தில், 1958 ஜனவரி 28ஆம் நாள், காப்புரிமை கோரப்பட்டது. மேலே குமிழ்கள், அடியில் குழல்கள். ஒன்றன்மேல் ஒன்றை அழுத்தினால் பற்றிக்கொள்ளும், இழுத்தால் விட்டுவிடும். அன்று செய்த கட்டையின்மேல் இன்று செய்யும் கட்டையும் பொருந்தும். எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் அவற்றை 91,51,03,765 வகைகளில் இணைக்கலாம் எனக் கணித அறிஞர் கணக்கிட்டுள்ளனர். பற்றுவதும் விடுவதுமாகிய இந்த இரண்டு குணங்களை அன்பர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.

ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் நமக்கு நெடுநாள் பழக்கமான வைணவக் குடும்பம் ஒன்று உண்டு. மகன் வங்கியில் பணிபுரிபவர், நாற்பதைக் கடந்தவர். அவர் அன்னையார் ஆண்டுதோறும் ஏழு படி கொலு வைப்பவர். நானூறுக்குக் குறையாத பொம்மைகள் அவர் பொறுப்பில் இருந்தன. படிகள் நிற்கும் கிழக்குச் சுவர் ஓரத்தில் மகனார் ஒரு கண்ணாடிப் பேழை செய்து வைத்து, மேற்சொன்ன மாளிகையையும் கவச உருவத்தையும் இன்னும் மூன்று நான்கையும் அதில் நிறுத்தினார். மூன்று ஆண்டுகளுக்கு முன் நவராத்திரி நெருங்கியதும், பேழையை நகர்த்த வேண்டும் என்றார் அன்னையார். நகர்த்தினால் துண்டுகள் உதிரும். உதிர்ந்தவற்றை ஐயாயிரத்தில் எங்கே தேடுவது என்றார் மகனார். பேச்சு வளர்ந்து, வீட்டில் இரண்டு நாள் மௌனமும் நிலவியது.

நம்மைக் கண்டபோது மகனார் கேட்டது இது: "அம்மாவுடையதும் சேகரிப்பு, என்னுடையதும் சேகரிப்பு. அதைப் பக்தி என்கிறார்கள், இதைப் பைத்தியம் என்கிறார்கள். பொருளுக்கு அளவு வைத்துக்கொள்ளும் நோன்பு உங்கள் சமயத்தில் உண்டு என்கிறீர்களே, நீங்களே சொல்லுங்கள், என்னிடம் மட்டும் என்ன குற்றம்?" விளையாட்டாகக் கேட்டவர் அல்லர் அவர். நாமும் உடனே விடை சொல்ல முடியாமல் திரும்பினோம்.

எளிதாகத் தோன்றும் விடைகள் சில உண்டு. அவற்றை முதலில் ஒதுக்கிவிடுவோம். வளர்ந்தவர் பொம்மை வைத்துக்கொள்வது சிறுபிள்ளைத்தனம் என்பது ஒன்று. ஐயாயிரம் துண்டுகளை ஒரு பிழையுமின்றி இரண்டு வாரம் அமர்ந்து பொருத்துவோனிடம் உள்ள பொறுமை, அவனை நகைக்கும் பலரிடம் இல்லை. அயல்நாட்டுப் பொருள், திரைப்பட உருவம் என்பது மற்றொன்று. செட்டியார் பொம்மையும் கிரிக்கெட் பொம்மையும் எந்தப் புராணத்திலிருந்து வந்தவை? விலை அதிகம் என்பது மூன்றாவது. இதனை நம்மவர் வாய்விட்டுச் சொல்லாதிருத்தலே நலம். ஒரே திருமணத்தில் நாம் பூட்டி அனுப்பும் பொன்னின் விலைக்கு இந்த மாளிகைகள் ஒரு தெருவையே நிரப்பும். பொன் பயன்படும், பிளாஸ்டிக் பயன்படாது என்பார்க்கு ஒரு கேள்வி: வங்கிப் பெட்டகத்தில் கிடக்கும் வளையல் கடந்த ஆண்டு யாருக்கு என்ன பயன் தந்தது?

மாறாக, அவர் பக்கத்தில் சொல்லத்தக்கதும் உண்டு. அவர் சிறுவனாக இருந்த காலத்தில் ஊரில் பொம்மைகள் குறைவு. எம்.ஆர்.எஃப். நிறுவனத்தார் 1987இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், 'ஜி.ஐ. ஜோ' போர்வீரர் பொம்மைகளை இங்கேயே செய்து விற்றது. தெப்பக்குளம் அருகே ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றதையும், தந்தையார் கையைப் பிடித்து இழுத்துச் சென்றதையும் அவர் இன்றும் சொல்வார். அவ்வீரர்களுள் ஒருவர்கூட அவர் வீட்டுக்கு வந்ததில்லை. இன்று தம் சம்பளத்தில் அவர் வாங்குவது அன்று கிடைக்காத ஒன்றை. அது கிடைக்குமா என்பது வேறு கேள்வி. பத்து வயதில் பசித்தவன் நாற்பது வயதில் உண்டால் அந்தப் பழைய பசி அடங்குவதில்லை. புதிதாக ஒரு பசி உண்டாகிறது. முதல் பேழை நிரம்பியவுடன் இரண்டாம் பேழைக்குத் தச்சரை அவர் அழைத்ததற்கு வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை.

'வெறும் பொம்மைதானே' என்று சிலர் பேச்சை முடிக்கப் பார்ப்பர். நம் நூல்கள் அவ்வாறு முடிக்க விடுவதில்லை. பெயர், ஸ்தாபனை, திரவியம், பாவம் என ஒரு பொருளைக் கருதும் முறைகளை நான்காக வகுத்தனர் நம் ஆசாரியர். ஸ்தாபனை என்பது ஒன்றில் மற்றொன்றை ஏற்றிக் காண்பது. சதுரங்கக் காயை யானை என்றும் அரசன் என்றும் கொள்வதைப் போல. அக்காய் மரத்துண்டேயாயினும் அதனை இழந்தவன் முகம் வாடுகிறது. யசோதர காவியத்தின் கதை இதனை இன்னும் கடுமையாகச் சொல்லும். உயிர்ப்பலிக்கு அஞ்சிய மன்னன், அன்னையின் சொல்லைத் தட்ட இயலாமல், மாவினால் செய்த கோழியை மாரிக்குப் பலியிட்டான். வெட்டுண்டது மாவுதான். எனினும் வெட்டிய எண்ணம் மாவாலானது அன்று. தாயும் மகனும் பல விலங்குப் பிறப்புகளில் உழன்றனர். ஆகவே பொருள் அற்பமானது என்பதனால் உள்ளத்தில் நிகழ்வதும் அற்பமானது என்று கொள்ளுதல் பொருந்தாது. நண்பர் பொம்மை வைத்திருப்பது கொலைக்கு ஒப்பு என்று நாம் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டா. உருவத்தின்மேல் உள்ளம் ஏற்றிய சுமை உண்மையான சுமையே என்பதற்காகத்தான் இக்கதையை நினைந்தோம்.

பற்று என்றால் என்ன? கையில் உள்ளதைக் கொண்டு இதனை வரையறுக்க முயன்றால் அரசனைவிடப் பிச்சைக்காரன் துறவி என்றாகிவிடும். அதனால் நம் முன்னோர் உள்ளத்தின் மூர்ச்சையை, அதாவது 'இது எனது' என்னும் மயக்கத்தை, பரிக்கிரகத்தின் இலக்கணமாகக் கொண்டனர். நிலம், வீடு, பொன் முதலிய புறப்பற்று பத்து என்றால், அகப்பற்று பதினான்கு. சினமும் செருக்கும் வஞ்சமும் கடும்பற்றும் மட்டுமல்லாமல் நகையும் உவகையும்கூட அப்பதினான்கில் அடங்கும். விளையாட்டின் மகிழ்ச்சியையும் விட்டுவைக்காத பட்டியல் அது! துறவிக்கு முழுவதும் விலக்கு, இல்லறத்தார்க்கு அளவு. இவ்வளவு நிலம், இவ்வளவு பொன், இவ்வளவு பாத்திரம் என்று சிராவகன் தானே ஓர் எல்லை வரைந்துகொள்கிறான். எல்லை எவ்வளவு என்று பிறர் விதிப்பதில்லை. ஆனால் ஆசை எழுவதற்கு முன் வரைய வேண்டும். கடையில் நின்றுகொண்டு வரையும் எல்லை, வாங்கப் போகும் பொருளுக்கு ஓர் அங்குலம் அப்பால்தான் எப்போதும் விழும்.

இந்தக் கண்கொண்டு பார்த்தால் கொலுவுக்கும் பேழைக்கும் ஒரு வேறுபாடு புலப்படுகிறது. கொலுவுக்கு நாள் குறித்திருக்கிறது. அமாவாசையில் ஏறும் பொம்மை, விஜயதசமி இரவில் ஒன்றைப் படுக்க வைத்ததும், இறங்கியாக வேண்டும். மறுநாள் படிகள் கழன்று பலகைகளாகவும் பெட்டிகளாகவும் மாறிவிடும். பொம்மைகள் பழைய வேட்டித் துணியில் சுற்றப்பட்டு டிரங்குப் பெட்டிக்குள் போய்ப் பரணில் ஏறும். கூடம் மீண்டும் வெறும் கூடமாகும். மேலும் கொலு என்பது பிறர் வந்து காண்பதற்காக வைக்கப்படுவது. வந்தவர்க்குத் தாம்பூலம் கொடுத்தனுப்புவதும் அதில் அடக்கம்; கதவைச் சாத்திக்கொண்டு வைக்கும் கொலு கொலுவாகாது.

பேழைக்கு விஜயதசமி இல்லை. இங்கேதான் நமக்கு வியப்பு. கழற்றுவதற்கென்றே படைக்கப்பட்ட பொருள் அது. மண் பொம்மையைக் கலைத்து வேறொன்று செய்ய இயலாது, உடைக்கத்தான் இயலும். கட்டையோ தொண்ணூறு கோடி வடிவங்களுக்கு இடம் தருவது. பில்லுண்டுத் தச்சரின் மகன் உலகுக்கு அளித்தது, பற்றும் ஆனால் விட்டுவிடும் ஒரு கட்டையை. அதனை வாங்கிய பெரியவர் ஒரே வடிவத்தில் நிறுத்தி, தூசு படியாமல் கண்ணாடி பூட்டி, அசையாமல் காக்கிறார். நண்பரிடம் இதனைக் கேட்டோம். "கழற்றினால் மீண்டும் கட்டலாம், புத்தகம் இருக்கிறது, ஆனால் கழற்ற மனம் வரவில்லை" என்றார். மூர்ச்சை என்னும் சொல்லுக்கு இதனினும் தெளிவான உரையை நாம் எங்கும் படித்ததில்லை.

கொலுவே சிறந்தது என்று இவ்விடத்தில் தீர்ப்பெழுதிவிட ஆசைதான். ஆயினும் அன்னையாரிடமும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும் அன்றோ? கேட்டோம். நானூறு பொம்மைகளில் நூறு பொம்மைகளை இளைய தலைமுறையினர்க்குக் கொடுத்துவிடலாமே என்றதும் அவர் முகம் மாறியது. மூக்கு உடைந்த செட்டியார் பொம்மை ஒன்றை எடுத்து வந்து காட்டினார். அது தம் மாமியார் கல்யாணத்தில் வந்தது என்றார். அதன் உடைந்த மூக்கைத் தவிட்டுப் பெட்டியில் தனியே வைத்திருப்பதாகவும் சொன்னார். ஆண்டுக்கு ஒரு புதிய பொம்மையாவது வாங்க வேண்டும் என்பது கொலு வைப்போரின் வழக்கம். அவ்வழக்கம் வளர்ப்பதற்கு வழி சொல்கிறதே ஒழிய, குறைப்பதற்கு ஒரு நாளையும் குறிக்கவில்லை. பெட்டிகள் ஒன்பது, பரண் நிரம்பி, படுக்கையறைக் கட்டிலின் கீழும் வந்துவிட்டன. பத்தாம் நாள் இறங்கிய பொம்மை கூடத்தை விட்டுத்தான் போகிறது. 'எனது' என்னும் எண்ணத்தை விட்டுப் போவதில்லை. கொலு கூடத்துக்கு விடுதலை தருவது உண்மை. உள்ளத்துக்குத் தருமா என்பது வைப்பவரைப் பொறுத்தது.

ஆக, அன்னையும் மகனும் ஒரே துறையில்தான் நிற்கின்றனர். ஒருவருக்கு வழக்கம் துணை. மற்றவருக்கு அதுவும் இல்லை. வழக்கத்தின் துணையைச் சிறிதாக எண்ண வேண்டா. ஆண்டில் ஒருமுறையேனும் தம் உடைமை முழுவதையும் கையில் எடுத்துப் பார்த்து, மீண்டும் துணியில் சுற்றி வைக்கும் கட்டாயம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

பேழையில் நிற்பவர் வீரர் என்பதையும் கருத வேண்டும். ஹல்க்பஸ்டர் கவசத்தின் கதையை நண்பர் நமக்கு விளக்கினார். சினம் மிகுந்தால் அரக்க வடிவம் கொள்ளும் ஒருவரை அடக்குவதற்காக, செல்வரான அவருடைய தோழர் செய்த இரும்புக் கவசம் அது. 2015இல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' படத்தில் அவ்விருவரும் நகரத்தின் நடுவே மோதுவர். சினத்தை வெளியிலிருந்து பிடித்து நிறுத்த எவ்வளவு பெரிய கவசம் வேண்டியிருக்கிறது பாருங்கள்! நகைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கதையைக் கட்டியவர் சினத்தின் அளவை அறிந்தவரே. நம் மரபில் வீரம் என்னும் சொல் வேறு திசையில் சென்றது. வென்றவர் என்பதே ஜினர் என்னும் சொல்லின் பொருள். வெல்லப்பட்டது தம் உள்ளம்.

சிரவணபெளகுளத்தில் சாமுண்டராயர் 981ஆம் ஆண்டளவில் நிறுவச் செய்த 57 அடிப் பாகுபலியின் உருவத்தை அன்பர்கள் பலர் கண்டிருப்பர். அதுவும் காட்சிக்குரிய பேருருவமே. அதுவும் ஒரு வீரனின் உருவமே. தமையனைத் தலைக்குமேல் தூக்கியவர், தரையில் மோதாமல் இறக்கி விட்டு, நாட்டையும் ஆடையையும் துறந்து நின்றார். கொடி காலைச் சுற்றியது, புற்று எழுந்தது. இருந்தும் முழுதுணர்வு வரவில்லை. நான் நிற்கும் இம்மண் பரதனுடையது என்னும் ஒரு முள் உள்ளத்தில் தங்கியிருந்தது என்று பரவலாகச் சொல்வர். உடுத்த துணியும் இல்லாதவருக்கு, கால் ஊன்றிய இடத்தளவு பற்று! பொருளின் அளவைக் கொண்டு பற்றின் அளவை எடை போடுவோர் இக்கதையை எங்கே வைப்பார்கள் என்று நமக்கு விளங்கவில்லை.

நம் ஊரிலேயே பாருங்கள். மலைக்கோட்டையின் மேற்பகுதியில் உள்ள இயற்கைக் குகையில் சமண முனிவர் கிடந்த கற்படுக்கைகள் உள்ளன. தலைப்பக்கம் சற்று மேடாகச் செதுக்கியிருப்பர். கல்லால் ஒரு தலையணை. படுக்கை ஒன்றில் 'சிரா' என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. சிராவின் பள்ளியே சிராப்பள்ளி ஆயிற்று என்று ஊர்ப்பெயருக்குக் காரணம் சொல்வாரும் உளர். பெயரைப் பொறித்தவர் யாரோ. எல்லாம் துறந்தவர் கிடந்த இடத்திலும் அடையாளம் ஒன்று வைக்க யாருக்கோ தோன்றியிருக்கிறது.

அம்மலையிலிருந்து வடக்கே நோக்கினால், காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கத்து இராசகோபுரம் தெரியும். அடித்தளம் அச்சுததேவராயர் காலத்தது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் மொட்டையாக நின்று, 1987இல்தான் பதின்மூன்று நிலைகளுடன் 236 அடி உயரத்துக்கு நிறைவெய்தியது. கல்லுக்கு மேலே செங்கல். அதன்மேல் சுதை உருவங்கள். கட்டையால் கட்டிய பேருருவம் நம் ஊருக்குப் புதிதன்று என்று நண்பரிடம் சொல்லிச் சிரித்தோம். ஆனால் அந்த உருவங்கள் யாருடைய பேழையிலும் இல்லை. பேருந்திலிருந்து இறங்குவோர், பூக்கட்டுவோர், வேற்றுச் சமயத்தவராகிய நாம் எல்லோரும் தலை நிமிர்ந்து பார்க்கிறோம், மகிழ்கிறோம், வீட்டுக்குப் போகிறோம். பார்த்து மகிழ்வதற்கு உடைமை வேண்டியதில்லை என்பதை நாள்தோறும் அறிகிறோம். கடைக்குள் நுழைந்ததும் அது மறந்துபோகிறது.

நண்பரின் பரணில் பிரிக்காத பெட்டிகள் மூன்று இருந்தன. இவை கட்டுவதற்கல்ல, உற்பத்தி நின்றபின் விலை ஏறும் என்று வாங்கியவை. இவ்வகை வாணிகம் உலகெங்கும் நடக்கிறது. மாஸ்கோவிலுள்ள உயர் பொருளாதாரக் கல்வி நிறுவனத்து ஆய்வாளர், 1987 முதல் 2015 வரையிலான விலைகளை ஆராய்ந்து, உற்பத்தி நின்ற லெகோ பெட்டிகள் சராசரியாக ஆண்டுக்கு 11 விழுக்காடு ஆதாயம் தந்ததாகக் கண்டனர். விற்கப் போவதால் தமக்கு இவற்றின்மேல் பற்றில்லை என்றார் நண்பர். வாணிகர் மிகுந்த நம் சமூகத்தில் இவ்வாதம் பழகிய ஒன்று. சரக்கு வேறு, உடைமை வேறு என்போம். எனினும் அளவு நோன்பில் சரக்கும் கணக்கில் வரும். கட்டிய மாளிகையிடத்து அவருக்கு இருந்தது உவகை. கட்டாத பெட்டியிடத்து இருப்பது, நாளை எவ்வளவு என்னும் கணக்கு. குழந்தையும் தொடாத, பெரியவரும் கட்டாத, யாரும் காணாத பொம்மை அது. பேழையில் நிற்பதை ஒருவாறு பொறுக்கலாம். பெட்டிக்குள் கிடப்பதை எதன்பொருட்டுப் பொம்மை என்று அழைப்பது? நம்மைக் கேட்டால், அம்மூன்று பெட்டிகளையும் உடனே ஏதேனும் ஒரு பள்ளிக்குக் கொடுத்துவிட வேண்டும். அவரிடம் சொன்னோம், விலையைச் சொல்லி மறுத்துவிட்டார்.

பொருளின் முடிவையும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. கொண்டையம்பேட்டை மண் பொம்மை உடைந்தால், பூச்சு ஒருபுறம் இருக்க, பெரும்பகுதி மண்ணோடு மண்ணாகும். கட்டையின் பிளாஸ்டிக் அவ்வாறு ஆகாது. 1997 பிப்ரவரி 13ஆம் நாள் 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' என்னும் கப்பல் பேரலையில் சாய்ந்து 62 சரக்குப் பெட்டகங்களைக் கடலில் இழந்தது. அவற்றுள் ஒன்றில் ஏறத்தாழ 48 இலட்சம் லெகோ துண்டுகள். இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் அவை இன்றும் ஒதுங்குகின்றன. அக்கரையில் கிடைத்த பழைய கட்டைகளை ஆராய்ந்த பிளிமத் பல்கலைக்கழகத்தார், ஒரு கட்டை கடலில் நூறு முதல் ஆயிரத்து முந்நூறு ஆண்டு வரை அழியாமல் கிடக்கக்கூடும் என்று 2020இல் மதிப்பிட்டனர். வைத்திருப்பவர் இறப்பார், வைக்கப்பட்டது இறவாது. பிற உயிர்களின் நீரிலும் இரையிலும் அது கலக்கும். அவ்வகையில் பேழைக்குள் பூட்டிக் காப்பவர் கடலுக்கு நன்மையே செய்கிறார் என்றும் சொல்லலாம். அவருக்குப் பின் வருவோர் என்ன செய்வர் என்பதே கேள்வி.

இனி அளவைப் பற்றிய கணக்கு. நண்பரிடம் நாம் வேண்டியது ஒன்றே. எத்தனை உருவங்கள் என்று அவரே ஓர் எண் குறித்து, புதியது ஒன்று வேண்டுமானால் பழையது ஒன்றைக் கழற்றிக் குழந்தைகளுக்குக் கொடுக்கட்டும். அன்னையாருக்கும் அவ்வாறே ஓர் எண். எண்ணை நாம் சொல்லவில்லை. நண்பர் சற்று யோசித்துவிட்டு, மாளிகையையும் கவச வீரனையும் ஒரே பலகையில் பொருத்தி ஒரு காட்சியாக ஆக்கினால் ஒன்று என்று கொள்ளலாமா என்று கேட்டார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் கூர்ச்சர நாட்டில் வாழ்ந்த ஹேமசந்திர ஆசாரியர், இக்கேள்வியை எதிர்பார்த்தவர்போல் யோகசாத்திரத்தில் எழுதியிருக்கிறார். ஒரு வயலே போதும் என்று நோன்பு கொண்டவன், பக்கத்து வயலையும் வாங்கி, இடையிலுள்ள வரப்பை நீக்கிவிட்டு, இப்போதும் என்னிடம் ஒரு வயல்தானே என்பானாயின், அது நோன்பின் மீறல்களுள் ஒன்று. நிலத்துக்குச் சொன்னது கட்டைக்கும் பொருந்தும். ஐயாயிரம் துண்டுகள் இணைந்து ஒன்றாவதுபோல ஒன்றோடொன்றை இணைத்துக்கொண்டே போனால், ஊர் முழுவதும் ஒரே பொருளாகிவிடாதா? இதைச் சொன்னதும் நண்பர் வாய்விட்டுச் சிரித்தார், அன்னையாரும் சிரித்தார். எண் மட்டும் அன்று குறிக்கப்படவில்லை.

அவ்வாண்டு படிகள் ஏழிலிருந்து ஐந்தாகக் குறைந்து, கூடத்தை விட்டு உள்ளறைக்குச் சென்றன. அடுத்த ஆண்டு பேழையிலிருந்த ஒரு கார் உருவம் கழற்றப்பட்டு, எதிர்வீட்டுப் பெண் குழந்தையிடம் ஒரு பிளாஸ்டிக் வாளியில் போய்ச் சேர்ந்தது. அதைக்கொண்டு அவள் யானை ஒன்று செய்தாள் என்றும், தும்பிக்கை நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது என்றும் அன்னையார் சொன்னார். பெரிய மாளிகை அசையாமல் அங்கேயே இருக்கிறது. பரணில் மூன்று பெட்டிகள் நான்காகியுள்ளன. இவ்வாண்டுக் கொலு எந்த அறையில், எத்தனை படி என்பது மகாளய அமாவாசைக்குள் தெரிந்துவிடும்.